பன்னீர் திராட்சை: நிறத்தை நம்பிப் பறிக்கலாமா?

காந்திபுரத்துத் தள்ளுவண்டிகளில் கருநீலமாகக் குவிந்திருக்கும் பன்னீர் திராட்சையின் முறையான பெயர் மஸ்கட் ஹாம்பர்க். உண்ணவும், பழரசத்துக்கும், சிவப்பு ஒயினுக்கும் ஏற்ற ரகம் இது. தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் அறுவடையாகிறது. 2023-ல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கோவையில் தொண்டாமுத்தூர் வட்டாரத்திலும் பந்தலிட்டுப் பயிரிடுகின்றனர்.

டிசம்பர்-ஜனவரியில் கவாத்து செய்தால் ஏப்ரல்-மே மாதங்களிலும், மே-ஜூனில் செய்தால் ஆகஸ்ட்-செப்டம்பரிலும் மகசூல் கிடைக்கும். முதிர்ந்த கிளைகளில் நான்கு மொட்டுகள் விட்டு வெட்ட வேண்டும். நலிந்த கிளைகளில் ஒன்றிரண்டு மொட்டுகள் போதும்.

சந்தையில் விலை ஏறியதும், நிறம் வந்த குலைகளை அவசரப்பட்டுப் பறிப்பதுண்டு. இது நட்டத்துக்கே வழி. திராட்சை, மா, வாழையைப் போலப் பறித்தபின் பழுப்பதில்லை. கொடியில் ஏறாத இனிப்பு கூடையில் ஏறாது. ஒயினுக்கும் இதே கதைதான். பழத்தோல் நிறம் தருகிறது. பழத்தின் சர்க்கரைதான் நொதித்துச் சாராயமாகிறது. புளித்த பழத்தை ஒருமுறை வாங்கியவர் மறுமுறை அந்தத் தோட்டத்துப் பக்கம் வரமாட்டார்.

குலையின் நுனிப்பகுதி கடைசியில்தான் பழுக்கும். ஆகவே பந்தலின் பல இடங்களில் நுனிப்பழங்களைச் சுவைத்துப் பார்க்க வேண்டும். அவை இனித்தால் குலை முழுவதும் தயார். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட்டு, காலைக் குளிர்ச்சியில் பறித்தால் நல்ல விலை பெறலாம்.