ஈசிஆரில் முதல் கேம்பிங்கா? டெண்ட் வாங்கும் முன் இதைப் படிச்சிடுங்க!

கோவளம், மாமல்லபுரம் பக்கம் கடலோரமா ஒரு ராத்திரி டெண்ட்டில் தங்கலாம் என்று வாட்ஸ்அப் குரூப்பில் முடிவானதும், அடுத்து நடப்பது ஷாப்பிங். யூடியூபில் கிடைக்கும் பட்டியல்களில் பல, இமயமலைக்கோ ஐரோப்பியக் குளிருக்கோ போட்டவை. நம்ம கடற்கரையில் குளிர் ஒரு பிரச்சினையே இல்லை. மணல், உப்புக்காற்று, புழுக்கம் இந்த மூன்றுக்கும்தான் தயாராக வேண்டும்.

மணலில் ஆணி நிற்காது

டெண்ட்டோடு தருகிற ஆணிகள் மெல்லிய கம்பிகள். செம்மண்ணில் நன்றாக நிற்கும். காய்ந்த கடல் மணலில் ஒரு விரலால் இழுத்தாலே கையோடு வந்துவிடும். உள்ளே ஆள் இல்லாதபோது காற்று எழும்பினால் டெண்ட் பலூன் மாதிரி உருண்டு ஓடும். மணலுக்கென்றே நீளமான, அகலமான ஆணிகள் தனியாகக் கிடைக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால், நாலைந்து துணிப்பைகளில் மணலை நிரப்பி, டெண்ட் கயிற்றை அதில் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மேலே நன்றாக மிதித்துவிடுங்கள். பனிமலை ஏறுபவர்களும் பனியில் இதே வித்தையைத்தான் செய்கிறார்கள். காலையில் மணலைக் கொட்டிவிட்டுப் பையை மடித்து எடுத்துவரலாம்.

டெண்ட்டில் எதைப் பார்க்கணும்?

'2 பேர்' என்று போட்டிருந்தால், தோளோடு தோள் ஒட்டி இரண்டு பேர் படுக்கலாம், அவ்ளோதான். பை வைக்க இடம் இருக்காது. இருவருக்கு 3 பேர் டெண்ட்டே சரி. உள்பக்கம் பெரும்பாலும் கொசுவலையாகவும், மழைத்துணி மேலே தனியாகப் போடுவதாகவும் இருக்கட்டும். ஒற்றைத் துணி டெண்ட்டில் நம் மூச்சுக்காற்றின் ஈரமே ராத்திரியில் துளித்துளியாகப் படிந்து சொட்டும். மழை பெய்ததோ என்று குழம்பிப்போவீர்கள்.

பெட்டியில் '2,000 மி.மீ.' என்று இருப்பது மழை அளவு என்று பலர் நினைக்கிறார்கள். எவ்வளவு உயரத்துக்கு நீர் நின்றால் அந்தத் துணி கசியத் தொடங்கும் என்பதே அதன் பொருள். சாதாரண மழைக்கு 1,500 போதும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக்கு எந்த எண்ணும் போதாது. 2022 டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் கரையைக் கடந்தது இதே மாமல்லபுரம் அருகேதான். புதியவர்கள் அந்த மாதங்களைத் தவிர்ப்பது நல்லது. மற்ற மாதங்களிலும் கிளம்பும் முன் வானிலைத் துறையின் 'மௌசம்' செயலியையும், மின்னலுக்கு 'தாமினி' செயலியையும் பார்த்துவிடுங்கள்.

ஸ்லீப்பிங் பேக்? கொடைக்கானல் போகும்போது வாங்கிக்கலாம். இங்கே கோரைப்பாயும் பழைய வேட்டியும் போதும்.

விளக்கு: ஆமைகளுக்காக

நான் கேட்டால், அதிகம் யோசித்து வாங்க வேண்டியது விளக்கைத்தான் என்பேன். ஜனவரி முதல் மார்ச் வரை ஆலிவ் ரிட்லி என்கிற பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் ராத்திரி ஏறி முட்டையிடும். வெளிச்சமும் ஆள் நடமாட்டமும் தெரிந்தால் முட்டையிடாமலே திரும்பிவிடலாம். ஏறக்குறைய 45 முதல் 60 நாளில் பொரிந்து வரும் குஞ்சுகளுக்கோ வெளிச்சம்தான் வழிகாட்டி. கடல் பக்கத்து வானம் கரையைவிடப் பளிச்சென்று தெரியும். அதை நோக்கி ஓடும். கரையில் எல்இடி விளக்கோ கேம்ப் ஃபயரோ எரிந்தால் திசை மாறி நம் பக்கம் வந்துவிடும். விடிந்தால் நாய், காக்கை, வெயில். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள உயிரினம் இது. அதனால் சிவப்பு வெளிச்சமும் இருக்கிற ஹெட்லேம்ப் வாங்குங்கள். ஆமையைப் பார்த்தால் அதையும் அணைத்துவிட்டு விலகி நில்லுங்கள். செல்ஃபி வேண்டவே வேண்டாம்.

விளக்கிலும் ஸ்பீக்கரிலும் 'ஐபிஎக்ஸ்4' என்று இருந்தால் தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்று அர்த்தம். 'எக்ஸ்' இருப்பதால் தூசிக்கான தகவல் அதில் இல்லை. 'ஐபி67' தூசியையும் தாங்கும்.

உயிர் விஷயம்

கேன் போட்டு எரிக்கும் சின்ன கேஸ் அடுப்பை டெண்ட்டுக்குள் பற்றவைக்கவே கூடாது. வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். கொசுவத்திச் சுருளும் உள்ளே வேண்டாம். நைலான் துணி நொடியில் பற்றும். காற்றுக்கு மறைப்பு வைப்பதாக நினைத்து கேனையும் சேர்த்து மூடிவிடாதீர்கள், சூடேறி வெடிக்கலாம். குடிநீர் ஆளுக்கு 4 லிட்டராவது எடுத்துக்கொள்ளுங்கள், கூடவே சில ஓஆர்எஸ் பாக்கெட்டுகள்.

இடம் விஷயத்தில் ஒரு வார்த்தை: கடற்கரைக் கோயில் சுற்றுவட்டாரம் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது, அங்கே டெண்ட் நினைப்பே வேண்டாம். மற்ற கரைகள் மீனவர்கள் படகு ஏற்றி, வலை உலர்த்தும் இடங்கள். கழிவறையோடு இருக்கும் அனுமதி பெற்ற கேம்ப் தளமே முதல் தடவைக்கு நல்லது.

வீடு திரும்பியதும் டெண்ட்டை அப்படியே பரணில் போட்டுவிடாதீர்கள். உப்பு போக நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஜிப்பில் மணல் போகத் தேய்த்து, கொஞ்சம் மெழுகுவத்தி தடவி வையுங்கள்.