சவுத்வெல் ஆப்பிளும் சிறு பலகாரமும்

இங்கிலாந்தின் நடுப்பகுதியிலே, நாட்டிங்ஹாம்ஷயர் என்னும் பிரதேசத்தில், பழமையான பேராலயம் ஒன்றை நடுவே வைத்துக்கொண்டு அமைதியாக வாழும் சவுத்வெல் என்ற சிற்றூர் இருக்கிறது. அக்டோபர் பிறந்ததும் அங்கே மரங்களின் இலைகள் பொன்னிறமும் செம்பு நிறமுமாக மாறி உதிரத் தொடங்குகின்றன. பகற்பொழுது நாளுக்கு நாள் சுருங்கி, மாதம் முடிவதற்குள் மாலை ஐந்து மணிக்கே விளக்கேற்ற வேண்டியதாகிவிடுகிறது. கொல்லையில் ஒரே ஓர் ஆப்பிள் மரம் வைத்திருக்கும் வீட்டுக்காரருக்குக்கூட, தின்று தீர்க்கக்கூடியதைப் போலப் பல மடங்கு காய் அந்தச் சில வாரங்களில் வந்து குவிகிறது. அக்கம்பக்கத்தாருக்குக் கொடுத்ததும், காகிதத்தில் சுற்றிக் குளிர்ந்த அறையில் அடுக்கியதும் போக மிஞ்சியவற்றை அந்நாட்டுக் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மாவுக்குள் பொதிந்து சுட்டு வந்திருக்கின்றன. 'ஆப்பிள் பை' என்று அவர்கள் அழைக்கும் அந்தப் பதார்த்தத்தைப் பெரிய வட்டமாகச் செய்து, கத்தியால் கூறு போட்டுப் பரிமாறுவதே பெருவழக்கு. அதையே ஒரு வாய்க்கு, மிஞ்சினால் இரண்டு வாய்க்கு, காணும் அளவில் இருபதும் இருபத்துநாலுமாகச் செய்யும் முறையும் உண்டு. அந்தச் சிறு பலகாரத்தைப் பற்றியே இங்கே சொல்ல விரும்புகிறேன். அளவைக் குறைத்தால் வேலையும் குறையும் என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அளவு குறையக் குறையச் சமைப்பவரின் சிரத்தை கூட வேண்டியிருக்கிறது என்பதே அந்தப் பலகாரம் நமக்குக் கற்பிக்கும் பாடம்.

இதற்கு ஆங்கிலேயர் வேறெந்த வகையையும்விட விரும்பித் தேடுவது பிராம்லி என்னும் ஆப்பிளை. அதன் ஜன்மஸ்தலம் இதே சவுத்வெல். 1809ஆம் ஆண்டு வாக்கில் மேரி ஆன் பிரெய்ல்ஸ்போர்டு என்ற இளம்பெண் தன் வீட்டிலே சில ஆப்பிள் விதைகளை ஊன்றி வைத்தாள். அவற்றுள் ஒன்று முளைத்துத் தோட்டத்தில் மரமாகி நின்றது. 1846இல் மாத்யூ பிராம்லி என்ற இறைச்சி வியாபாரி அந்த வீட்டை விலைக்கு வாங்கினார். பத்து ஆண்டுகளுக்குப் பின்னர், நாற்றுப்பண்ணைக் குடும்பத்தைச் சேர்ந்த ஹென்றி மெரிவெதர் என்னும் இளைஞர் அந்த மரத்தின் காய்களைக் கண்டு வியந்து, ஒட்டுக் கட்டுவதற்குச் சிறு கிளைகள் வேண்டுமென்று கேட்டபோது, பழத்துக்குத் தம் பெயரையே வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு பிராம்லி சம்மதித்தார் என்று சொல்லப்படுகிறது. விதை ஊன்றியவளின் பெயர் பழத்துக்குக் கிடைக்கவில்லையாயினும், அவள் வளர்த்த மரம் எளிதில் மாயவில்லை. 1900ஆம் ஆண்டில் பெரும்புயலில் சாய்ந்து வீழ்ந்த பின்னும், அது மீண்டும் தழைத்து, நூறாண்டுக்கு மேலாகக் காய்த்தது.

ஆப்பிளின் சுபாவத்தை அறிந்தவர்களுக்கு இதன் விசேஷம் நன்றாக விளங்கும். ஓர் ஆப்பிளின் விதையை ஊன்றினால் தாயைப் போன்ற பழம் கிடைப்பதில்லை. ஒவ்வொரு விதையும் தனக்கென்று புதிய குணங்களைக் கொண்டு பிறக்கிறது. ஆகையால் நல்ல பழம் ஒன்று தற்செயலாகத் தோன்றினால், ஒட்டு மாங்கன்று செய்வது போல, அதன் கிளையை வேறு வேரில் பொருத்தித்தான் வம்சத்தைக் காக்க முடியும். இன்று உலகில் எங்கெல்லாம் பிராம்லி மரம் நிற்கிறதோ அங்கெல்லாம் நிற்பது சவுத்வெல் மரத்தின் கிளையேயன்றி வேறில்லை.

பிராம்லியைக் கையில் எடுத்துப் பார்த்தால், சந்தையில் அடுக்கிய சிவந்த ஆப்பிளுக்கு உள்ள உருட்சியும் மினுமினுப்பும் அதனிடம் இராது. பெரிதாய், சற்றே தட்டையாய், கோணல்மாணலான வடிவோடு, பச்சைத் தோலில் ஒரு பக்கம் மட்டும் வெயில் பட்ட செம்மை படர்ந்திருக்கும். பச்சையாகக் கடித்தால் புளிப்பில் பல் கூசும். இங்கிலாந்தில் ஆப்பிளை உண்ணும் பழம், சமைக்கும் பழம் என்று இரு ஜாதியாகப் பிரித்து வைத்திருப்பதற்கு இந்தப் புளிப்பே காரணம். பிராம்லியில் மாலிக் அமிலம் மிகுதி, சர்க்கரை குறைவு. இனிப்பையே பிரதானமாகக் கொண்ட பழத்தைச் சர்க்கரையோடு வேகவைத்தால் திகட்டும் ஒரே சுவைதான் மிஞ்சும். புளிப்பு மிகுந்த பழமோ சூட்டிலும் தன் ருசியை இழக்காமல், சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் ஈடு கொடுத்து நிற்கும். மேலும், பிராம்லி சூடு பட்டதும் துண்டு துண்டாக நில்லாமல் பஞ்சு போலக் குழைந்துவிடுகிறது. கிரானி ஸ்மித் என்னும் பச்சை ஆப்பிள் அப்படிக் குழையாமல் வடிவம் காத்து நிற்கும். ஆஸ்திரேலியாவில் சிட்னி நகருக்கு அருகே மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868ஆம் ஆண்டளவில் அதுவும் தற்செயலாக முளைத்ததே. நம் ஊர்ப் பழக்கடைகளில் கிடைப்பது இந்தப் பச்சை ஆப்பிள்தான் என்பதால், செய்து பார்க்க விரும்புவோர் இதைப் பொடியாக நறுக்கிச் சற்றுக் கூடுதல் நேரம் வேகவைத்துத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

இனிச் சிறிய அளவின் சூட்சுமத்துக்கு வருவோம். 24 சென்டிமீட்டர் குறுக்களவும் 4 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள பெரிய பை ஒன்றையும், 5 சென்டிமீட்டர் குறுக்களவும் 2 சென்டிமீட்டர் ஆழமும் உள்ள சிறிய பை ஒன்றையும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டால், உள்ளிருக்கும் பழத்தின் அளவுக்கு அதை மூடியிருக்கும் மேற்பரப்பு சிறியதில் ஏறக்குறைய 2.7 மடங்கு அதிகம் என்று தெரியவரும். பெரிய பைக்கு இட்ட அதே கனத்தில் மாவை இட்டால், வாயில் போட்டதும் மாவே தெரியும், பழம் மறைந்துபோகும். ஆகவே மேலோடு மெல்லியதாக இருக்க வேண்டும். உள்ளீடோ அந்த மேலோட்டுக்கு அடங்கிப்போகாதபடி புளிப்பிலும் வாசனையிலும் ஒரு படி ஓங்கி நிற்க வேண்டும். பெரிய பை ஓவனில் ஒரு மணி நேரம் வரை இருப்பதால் அதற்குள் வைத்த பச்சைப் பழம் தானே வெந்துவிடுகிறது. சிறியதற்கோ இருபது நிமிஷத்துக்குள் மாவு சிவந்துவிடும், பழம் அரைவேக்காட்டில் நிற்கும். அதோடு, ஆப்பிளில் நூற்றுக்கு 85 பங்கு தண்ணீர். அகன்ற பையில் அந்தச் சாறு பரவி அடங்கக்கூடும், சின்னக் கிண்ணத்திலோ அரைக் கரண்டிச் சாறு கசிந்தால் அடிமாவு ஊறிக் கூழாகிவிடும். இவ்விரண்டு காரணங்களாலும், பழத்தை முன்கூட்டியே வேகவைத்து, நீர் சுண்டிய பிறகே உள்ளே வைப்பது உத்தமம்.

இருபதிலிருந்து இருபத்துநாலு வரை செய்வதற்குத் தோல் சீவி நடுத்தண்டு நீக்கிய ஆப்பிள் 500 கிராம் போதும். அரை அங்குலத்துக்கும் சிறிய துண்டுகளாக நறுக்கி, உடனே அரை மூடி எலுமிச்சைச் சாற்றில் புரட்டிவிட வேண்டும். இல்லையேல் காற்றிலுள்ள பிராணவாயு பட்டு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே துண்டுகள் பழுப்பேறிவிடும். அகன்ற வாணலியில் ஒரு மேஜைக்கரண்டி வெண்ணெயை உருக்கிப் பழத்தையும் 75 கிராம் சர்க்கரையையும் சேர்த்து நிதானமான தீயில் வைத்தால், சில நிமிஷங்களில் பழம் நீர் விட்டு நெகிழும். பிறகு அந்த நீர் மெல்ல மெல்ல வற்றத் தொடங்கும். கரண்டியால் வாணலியின் அடியில் ஒரு கோடு இழுத்தால், சாறு ஓடி வந்து மூடாமல் அந்தக் கோடு இரண்டு நொடியாவது அப்படியே தெரிய வேண்டும், அதுவே பக்குவம். இறக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். சூடான உள்ளீடு வெண்ணெய் கலந்த மாவைத் தொட்ட மாத்திரத்தில் உருக்கிவிடும் என்பதை மறக்கலாகாது.

வாசனைக்கு அரைத் தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூளும், ஒரு சிட்டிகை கிராம்புத் தூளும், கொஞ்சம் துருவிய ஜாதிக்காயும் சேர்ப்பார்கள். குளிர்நாட்டு இலையுதிர் காலத்துக்கே உரியது என்று அந்த மக்கள் கருதும் இந்த மணத்துக்கு ஆதாரமான பொருள்கள் யாவும் நம் கடல்களைத் தாண்டிச் சென்றவை. மெல்லிய பட்டைகள் பலவற்றை ஒன்றனுள் ஒன்றாகச் சுருட்டியது போன்ற உயர்ந்த ரகப் பட்டை, இலங்கைத் தமிழர் கறுவா என்று சொல்வது, அந்தத் தீவின் செல்வம். ஜாதிக்காயும் கிராம்பும் ஆதியில் கிழக்கிந்தியத் தீவுகளின் விளைச்சல். 14ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்த ஓர் ஆங்கிலச் சமையல் குறிப்பிலேயே, ஆப்பிளோடு அத்திப்பழமும் திராட்சை வற்றலும் பேரிக்காயும் வாசனைப் பொருள்களும் சேர்த்துக் குங்குமப்பூவால் நிறமூட்டி மாவுக் கூட்டில் சுடும்படி விதித்திருக்கிறது. அதில் சர்க்கரையைப் பற்றிய பேச்சே இல்லை. உலர்ந்த பழங்களின் இனிப்பைக் கொண்டே அக்காலத்தவர் திருப்தியடைந்தனர்.

மேலோட்டுக்கு மைதா 250 கிராம், குளிர்ந்த வெண்ணெய் 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு, குளிர்ந்த நீர் மூன்று மேஜைக்கரண்டி. பரோட்டாவுக்கும் சப்பாத்திக்கும் மாவை அடித்துப் பிசைந்து பழகிய கைகள் இங்கே தம் பழக்கத்தைச் சற்று அடக்கிக்கொள்ள வேண்டும். மாவிலுள்ள புரதம் நீரோடு கலந்து பிசையப் பிசைய இழுபடும் வலையாகப் பின்னிக்கொள்கிறது. பரோட்டாவுக்கு அது குணம், இந்தப் பலகாரத்துக்கு அது தோஷம். ஆதலால் முதலில் வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி, உள்ளங்கையின் சூடு ஏறாதபடி விரல் நுனிகளால் மாவில் உதிர்த்துவிட வேண்டும். வெண்ணெய் மாவுத் துகள்களைப் போர்த்திக்கொள்வதால் நீர் சேர்த்த பிறகும் அந்த வலை வலுப்பெறுவதில்லை. வாயில் போட்டதும் மேலோடு பொலபொலவென்று உதிர்வது இதனால்தான். ரவை போல உதிர்ந்த மாவில் நீரைத் தெளித்து, ஒன்றுசேரும் அளவுக்கு மட்டும் திரட்டி, மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துவிட வேண்டும்.

பிறகு 3 மில்லிமீட்டருக்கு மேற்படாத கனத்தில் மாவைத் தேய்த்து, ஆறரை சென்டிமீட்டர் வட்டங்களாக வெட்டி, சின்னஞ்சிறு குழிகள் உள்ள தட்டில் ஒவ்வொன்றாக அமர்த்த வேண்டும். பெருவிரலால் அழுத்தினால் அடிப்பாகம் மெலிந்து கிழியும். மீந்த மாவில் சிறு உருண்டை ஒன்று செய்து அதைக்கொண்டு அமுக்கினால் மூலைமுடுக்கெல்லாம் ஒரே சீராக அமையும். முக்கால் பங்கு உள்ளீடு நிரப்பி, மேலே நட்சத்திரமாகவோ இலையாகவோ வெட்டிய ஒரு மாவுத் துண்டை வைத்தால் அதுவே மூடி. முழுதும் அடைக்காமல் ஓரங்களில் இடைவெளி விடுவது அழகுக்காக மட்டுமல்ல. உள்ளே எழும் ஆவி வெளியேற வழி வேண்டும். பால் தடவி, முன்பே 200 டிகிரி சென்டிகிரேடுக்குச் சூடேற்றிய ஓவனில் வைத்துப் பதினெட்டு, இருபது நிமிஷம் பார்த்திருந்தால், நட்சத்திரத்தின் முனைகள் முதலில் சிவக்கும். அப்புறம் அதன் இடுக்குகளில் பழச்சாறு குமிழியிடத் தொடங்கும். ஆரம்பத்தில் அவசர அவசரமாக வெடிக்கும் அந்தக் குமிழிகள், பாகுபோலத் தடித்து, ஒன்று எழுந்து அடங்கிய பிறகே மற்றொன்று எழும் நிலைக்கு வரும்போது எடுத்துவிடலாம். பத்து நிமிஷமாவது ஆறவிட்டால், ஆப்பிளில் இயல்பாகவே உள்ள பெக்டின் என்னும் சத்து உள்ளீட்டை இறுகச் செய்யும். கத்தி முனையால் நெம்பினால் பலகாரம் உடையாமல் கைக்கு வரும்.

1990ஆம் ஆண்டு அக்டோபர் 21ஆம் தேதி, லண்டன் காவெண்ட் கார்டனில் 'காமன் கிரவுண்ட்' என்ற அமைப்பினர் ஆப்பிள் தினம் ஒன்றை முதன்முதலாகக் கொண்டாடினார்கள். பழைய பழத்தோட்டங்கள் அழிந்து வருவதையும், அவற்றோடு ஊருக்கு ஊர் வேறுபட்ட அருமையான வகைகள் மறைந்து போவதையும் கண்டு வருந்தி அவர்கள் தொடங்கிய அந்த வழக்கம் நாடெங்கும் பரவியது; சவுத்வெல்லிலும் அக்டோபரில் பிராம்லி திருவிழா நடைபெறுகிறது. இத்தகைய கூட்டங்களுக்குச் சிறு பலகாரத்தைப் போலப் பொருத்தமானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். பெரிய பையை வெட்டும்போது ஒருவருக்கு நடுப்பாகமும் மற்றொருவருக்கு உடைந்த ஓரமும் போய்ச் சேரும். கடைசியில் வந்தவருக்குத் துணுக்குகள் மிஞ்சும். தட்டு நிறைந்த சிறு பலகாரத்திலோ, வீட்டுக்குப் பெரியவரும் வாசலில் நிற்கும் குழந்தையும், அடியும் மூடியும் உள்ளீடும் குறைவின்றி அமைந்த முழுமையான ஒன்றையே எடுத்துக்கொள்கிறார்கள்.

பழம் நறுக்கிய பலகையைத் துடைக்கும்போது, நடுத்தண்டிலிருந்து உதிர்ந்த பழுப்பு நிற விதைகள் சில ஈரத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். பிராம்லியின் விதைகளில் முளைக்கும் தகுதி பெற்றவை அரிது. முளைத்தாலும் அது பிராம்லியாக இராது. அந்த இளம்பெண் ஊன்றிய ஒரு விதை இருநூறு ஆண்டு கடந்தும் அழியாதிருப்பதற்குக் காரணம், ஒவ்வொரு தலைமுறையிலும் யாரோ ஒருவர் ஒரு சிறு கிளையை வெட்டி இன்னொருவர் கையில் கொடுத்ததுதான். சூடு தணிந்த தட்டை ஏந்திக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டும் கையும் அதே காரியத்தைத்தான் செய்கிறது.