காவலும் குரலும்

ஸ்ரீ விஜயபுரம் என்று 2024-இல் பெயர் மாற்றம் பெற்றும், ஊர்க்காரர் நாவில் இன்னும் போர்ட் பிளேராகவே வழங்கிவரும் அந்தமான் தலைநகரில், ஏழு சிறகுகளாக விரிந்திருந்து இன்று மூன்றே எஞ்சி நிற்கும் செல்லுலார் சிறையின் வளாகத்தில், கோவிந்த வல்லப பந்த் மருத்துவமனை 1963-இல் நிறுவப்பட்டது. அச்சிறையில் 1933 மே மாதம் உண்ணாவிரதம் இருந்த மகாவீர் சிங் என்னும் அரசியல் கைதிக்குப் பலவந்தமாகக் குழாய் செலுத்திப் பால் புகட்டியபோது, அது இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலுக்குள் புகுந்ததால் அவர் உயிர்துறந்தார். அந்த அக்கிரமத்தைச் சரித்திரக்காரர் எழுதட்டும். அன்று குழாய் எந்தக் காவலைக் கடந்து போயிற்று என்பதே இங்கு நமக்கு விஷயம்.

குரல்வளைக்குள் இருபுறமும் மடிந்து கிடக்கும் குரல்நாண்கள் ஒரு ரெட்டைக் கதவு போன்றவை. மூச்சுக்குத் திறந்து, விழுங்கும்போது இறுக மூடி, பேசும்போது நெருங்கி நின்று விநாடிக்கு நூறு, இருநூறு தடவை அதிர்வது அவற்றின் தொழில். நுரையீரல் படைத்த மீன்களிடத்தும் காற்றுவழியைக் காக்கும் மூடி ஒன்று உண்டாகையால், காவலே இவ்வுறுப்பின் ஆதி உத்தியோகம். பேச்சு வெகுகாலம் கழித்து வந்து சேர்ந்தது.

இக்கதவை இயக்கும் நரம்போ விசித்திரமான யாத்திரிகன். மூளையிலிருந்து கழுத்து வழியே இறங்கி, குரல்வளையைத் தாண்டி, இடப்புறத்தில் மார்புக்குள் மகாதமனியின் வளைவைச் சுற்றிக்கொண்டு மீண்டும் மேலேறி வருகிறது. ஆகவே தைராய்டு அறுவையில் கத்தி பட்டாலும், நுரையீரலில் புற்று வளர்ந்தாலும், இருதய அறுவையில் இழுபட்டாலும், பழியெல்லாம் தொண்டையில் வந்து விடிகிறது. குரல் காற்றோடு கலந்து கம்மிப்போகிறது. தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. சில பேருக்குக் காரணமே தென்படுவதில்லை. நரம்பு தானே தேறுவதும் உண்டாகையால், அது துண்டாகிப்போனது நிச்சயமாகத் தெரிந்தாலொழிய, நிரந்தர சிகிச்சைக்கு ஒன்பது மாதம், ஒரு வருஷம் காத்திருப்பது வழக்கம். அதுவரை புரையேற்றத்தைத் தடுக்கச் சில மாதங்களில் கரைந்துவிடும் மருந்துப் பசையை நாணில் ஊசியால் செலுத்தி வைப்பார்கள்.

அசையாத நாணை நடுவுக்குத் தள்ளிவிட்டால், அசைகிற நாண் வந்து அதைத் தொட்டுக்கொள்ளும் என்பதுதான் ஒருபக்க நாண் வாதத்துக்கான சிகிச்சையின் தத்துவம். புரூனிங்ஸ் என்னும் ஜெர்மானியர் 1911-இல் பாரபின் மெழுகைச் செலுத்தினார். அது உடம்புக்கு ஒவ்வவில்லை. 1960-களில் வந்த டெஃப்லான் வெகு பிரசித்தி பெற்றது. ஆனால் வருஷங்கள் கழித்து அதைச் சுற்றிக் கட்டிபோலத் திசு வளர்ந்து, மூச்சையும் குரலையும் ஒருங்கே கெடுத்த பிறகுதான், எளிதாக உள்ளே போவது எளிதாக வெளியே வராது என்ற புத்தி வைத்திய உலகுக்கு வந்தது. ஜப்பானியரான இஷிக்கி 1974-இல் வெளியிட்ட முறையோ வேறு: கழுத்தின் குருத்தெலும்பில் சிறு ஜன்னல் வெட்டி, அதன் வழியே சிலிக்கோன் துண்டைப் பொருத்துவது. அவ்விடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, நோயாளியைப் பேசச் சொல்லிக் காதால் கேட்டபடியே துண்டைச் சரிசெய்கிறார் மருத்துவர். அறுவை மேஜைமேல் படுத்தவாறே ஒருவர் தம் பழைய குரலைத் திரும்பக் கேட்பது, என் அபிப்பிராயத்தில், வைத்தியத்தின் அபூர்வமான தருணங்களில் ஒன்று.

அபாயங்களும் உண்டு. துண்டு இடம் பெயரலாம், சீழ் பிடிக்கலாம், அபூர்வமாகக் காற்றுவழிக்குள்ளேயே துருத்திக்கொண்டு வரலாம், அளவு தப்பினால் மறுபடி அறுக்கவும் நேரிடலாம். எல்லாவற்றிலும் பயங்கரமானது, அறுவைக்குப் பின் வீக்கமோ ரத்தக்கட்டோ மூச்சுவழியை நெருக்கி, தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும் அவசியத்தை உண்டாக்குவது.

இரு நாண்களும் வாதமுற்று நடுவில் நின்றுவிட்டால் நிலைமை தலைகீழாகிறது. குரல் ஏறக்குறைய நன்றாகவே இருக்கும்; மூச்சுதான் திணறும். லேசரால் ஒரு நாணின் பின்பகுதியை வெட்டி வழி அகட்டினால் மூச்சு கிடைக்கும். அந்த அளவுக்குக் குரல் குறையும், புரையேற்றமும் கூடலாம். எவ்வளவு வெட்டுவது என்பதில் கத்தி பிடித்தவரின் அடக்கமே முக்கியம். குறைவாக வெட்டிப் பின்னர் தேவையானால் கூட்டலாம், வெட்டியதை ஒட்டவைக்க இயலாது.

சென்னையிலோ வேறெங்கோ இச்சிகிச்சை பெறும் தீவுவாசி, கப்பல் மூன்று நாள் கடலில் போகும் என்பதையும், தெற்குத் தீவு ஊரான காம்ப்பெல் பே தலைநகருக்கும் தெற்கே 500 கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதையும் மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது உசிதம். வீக்கத்துக்குரிய முதல் சில தினங்களை ஆஸ்பத்திரிக்கு அருகிலேயே கழித்துவிட்டு, அவர் அனுமதித்த பிறகு டிக்கெட் எடுக்கலாம்.