எடைக்கருவி காட்டாத கொழுப்பு

கொல்லிமலைக்குப் போக 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏற வேண்டும். மேலே சாமையும் தினையும் கேழ்வரகும் விளைந்த நிலங்கள் பலவற்றில் இப்போது மரவள்ளி நிற்கிறது. தட்டிலும் அரிசிச் சோறு வந்துவிட்டது. உணவு மாறினால் உடலும் மாறும். அந்த மாற்றத்தை எடைக்கருவி மட்டும் காட்டிவிடாது.

பிஎம்ஐ சொல்வதும் சொல்லாததும்

கிலோ எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது பிஎம்ஐ (உடல் நிறை குறியீட்டெண்). 160 செ.மீ. உயரம், 60 கிலோ என்றால் 23.4. உலக அளவுகோலில் 18.5-லிருந்து 25-க்குக் கீழே வரை இயல்பு. இந்தியர்களுக்கோ 23 தொட்டாலே கூடுதல் எடை.

ஏன் இந்த வேறுபாடு? புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் 2004-ல் 'லான்செட்' இதழில் தங்கள் உடலையே சான்றாக வைத்தார்கள். இருவருக்கும் பிஎம்ஐ 22.3. ஸ்கேனில் யுட்கினுக்குக் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2!

தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிஎம்ஐ பிரித்துக் காட்டாது. மலைப்பாதையில் சுமை தூக்கி இறுகிய உடலுக்கும் உட்கார்ந்தே பெருத்த உடலுக்கும் ஒரே எண் வரலாம்.

கருவிகள் மூன்று

காலிப்பர்: புஜத்தின் பின்புறம் போன்ற இடங்களில் தோலைக் கிள்ளிப் பிடித்து மடிப்பின் தடிமனை அளப்பது. செலவு குறைவு, பழகிய கை தேவை. வயிற்றுக்குள் உறுப்புகளைச் சூழ்ந்த கொழுப்பு இதற்கு எட்டாது.

ஜிம்களில் உள்ள மின்னோட்டக் கருவி: தண்ணீர் நிறைந்த தசையில் மின்சாரம் எளிதில் பாயும், கொழுப்பில் தடைபடும். வியர்த்து, தாகத்தோடு ஏறி நின்றால் கொழுப்பைக் கூட்டிக் காட்டிவிடும்.

டெக்ஸா: எலும்பு, தசை, கொழுப்பு மூன்றையும் பிரித்துக் காட்டும் எக்ஸ்ரே ஸ்கேன். நம்பகமானது, ஆனால் நகரத்துப் பெரிய மருத்துவமனைகளைத்தான் தேடிப் போக வேண்டும்.

மலைக்கு ஏற்றது இன்ச் டேப்

கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே டேப்பைச் சுற்ற வேண்டும். வயிற்றை எக்காமல், மூச்சை இயல்பாக விட்ட நிலையில் அளக்க வேண்டும். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. டேப் இல்லாவிட்டால் உயரத்துக்கு ஒரு நூலை வெட்டி, சரிபாதியாக மடித்து, இடுப்பைச் சுற்றிப் பாருங்கள். முனைகள் தொடாவிட்டால் வயிற்றில் கொழுப்பு கூடியிருக்கிறது.

இப்படி அளந்து பார்க்கக் காரணம் உண்டு. தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) கணக்கில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதத்தினர் கூடுதல் எடையோ பருமனோ உள்ளவர்கள்.

அளந்த பிறகு

இடுப்பளவு எல்லை தாண்டியவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் சோதித்துக்கொள்ள வேண்டும். பிஎம்ஐ 18.5-க்குக் கீழே இருப்பவர்களும், காரணமில்லாமல் மெலிபவர்களும் மருத்துவரைப் பார்ப்பது அவசியம். காசநோயும் சர்க்கரை நோயும் உடலை இளைக்க வைக்கும்.