அரைக்கால் ஏக்கர்னா எத்தனை சென்ட்?

உத்திரமேரூர் வட்டம் பெருநகரில் அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர் "தம்பிக்கு அரைக்கால் ஏக்கர்" என்கிறார். எவ்வளவு அது?

ஒரு ஏக்கரை நூறாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு சென்ட். அதாவது, ஏக்கரில் 1 சதவீதம், 0.01 ஏக்கர். அரை என்றால் 0.50, 50 சென்ட். கால் 0.25, 25 சென்ட். அரைக்கால் 1/8, 0.125 ஏக்கர், 12.5 சென்ட். எல்லாம் ஒன்றுதாங்க, எழுதும் முறைதான் வேறு.

புள்ளியில் மட்டும் கவனம்! 0.5 ஏக்கர் 50 சென்ட், 0.05 ஏக்கர் வெறும் 5 சென்ட்.

பட்டாவில் அளவு ஹெக்டேர், ஏரில் இருக்கும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். எனவே '0 - 40.50' என்பது 40 சென்ட் இல்லை. ஏறக்குறைய ஒரு ஏக்கர். தமிழ்நாடு அரசின் 'எங்கிருந்தும் எந்நேரமும்' இணைய சேவையில் பட்டாவைப் பார்த்து, கணக்குப் போட்ட பிறகே பத்திரத்தில் கையெழுத்துப் போடுங்க.