பருவமாற்றமும் குருதிச் சர்க்கரையும்

ஓராண்டை ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர் நம் முன்னோர். கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் அப்பகுப்பு தமிழ் இலக்கணம் பயில்வோர் யாவரும் அறிந்ததே. பொழுது மாறின் உள்ளத்தின் நிலையும் மாறும் என்பது அகத்திணை மரபு உணர்த்தும் உண்மை. பொழுது மாறின் உடலின் நிலையும் மாறும் என்பதை இன்றைய மருத்துவம் விளக்குகிறது. நீரிழிவு உடையோரிடம் அம்மாற்றம் குருதிச் சர்க்கரையின் ஏற்ற இறக்கமாக வெளிப்படுகிறது. அதனை ஈண்டு சுருங்கக் காண்போம்.

வேனிற்காலம்

வெப்பம் மிகுங்கால் வியர்வையால் உடலின் நீர் குறைகிறது. குருதியில் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. கூடிய சர்க்கரை சிறுநீரை மிகுதியாகப் பிரியச் செய்ய, நீர் மேலும் வற்றுகிறது. தாகம் தணிக்கக் கரும்புச்சாறும் இனிப்புக் குளிர்பானமும் அருந்தின் நிலைமை முற்றும். தண்ணீரும் நீர்மோருமே தக்கவை.

இதற்கு மாறான விளைவும் உண்டு. வெப்பத்தால் தோலின் குருதிக்குழாய்கள் விரிவதால், ஊசிவழிச் செலுத்திய இன்சுலின் விரைந்து குருதியில் கலந்து சர்க்கரையைத் திடீரெனத் தாழ்த்தலாம். வியர்த்தல், தலைசுற்றல், தளர்ச்சி ஆகியன தாழ்சர்க்கரைக்கும் வெயிற்சோர்வுக்கும் பொதுவானவை. ஆதலின், 'வெயிலின் களைப்பு' என வாளா இராது உடனே சோதித்தல் வேண்டும். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழிருப்பின் 15 கிராம் குளுக்கோஸ் உட்கொண்டு, 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதிக்க வேண்டும். கருவி கையில் இல்லையெனில், ஐயம் எழுந்தவுடனேயே சர்க்கரை உட்கொள்வது நலம்.

இன்சுலினும் வெப்பம் தாங்காது. திறவாத குப்பியைக் குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியஸில் வைத்தல் வேண்டும், உறையவிடலாகாது. பெட்டி இல்லாதோர், நீர் புகாத உறையிலிட்டு ஈரமணல் சூழ்ந்த மண்பானையில் வைக்கலாம். வெயிலில் நிறுத்திய வண்டியினுள் விட்டுச் செல்லுதல் கூடவே கூடாது.

மழைக்காலம்

காரும் கூதிரும் காய்ச்சலைக் கொணரும் காலம். நோய்த்தொற்றின்போது சுரக்கும் அட்ரினலின், கார்டிசால் ஆகியன சர்க்கரையை உயர்த்தும். 'உணவு செல்லவில்லையே, மருந்து எதற்கு?' எனத் தாமாகவே இன்சுலினை நிறுத்துவோர் பேரிடரை விலைக்கு வாங்குகின்றனர். அளவை மாற்றுவது மருத்துவரின் பணி. கால்களுக்கும் இடர் உண்டு. உணர்ச்சி மங்கிய பாதம் ஈரத்தில் ஊறி, விரலிடுக்கில் புண்ணாயினும் வலி தோன்றாது. நாள்தோறும் பாதத்தைத் துடைத்து உலர்த்திக் கண்ணால் காண்பதே காப்பு.

பனிக்காலம்

குளிர் மிகுந்த நாடுகளில், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு குளிர்காலத்தில் உயர்ந்தும் கோடையில் தாழ்ந்தும் காணப்படுகிறது. உடலுழைப்புக் குறைவும் உணவு மிகுதியும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. நம் சமவெளியில் குளிர் கடுமையன்று. எனினும் பனிக்கு அஞ்சி அதிகாலை நடையை நிறுத்துவோர் பலர். அவர்கள் மாலையில் நடக்கலாம்.

நோன்பும் பருவமும்

பிறையாண்டு கதிரவன் ஆண்டினும் ஏறத்தாழ 11 நாள் குறைந்தது. எனவே ரமலான் எல்லாப் பருவங்களையும் சுற்றி வருகிறது. 2018-இல் கத்திரி வெயிலில் வந்த நோன்பு, 2030-இல் மார்கழிப் பனியில் வரும். ஆகவே, 'சென்ற ஆண்டுகளில் நோற்றேனே' என்னும் துணிவு நீரிழிவு உடைய பெரியோர்க்குப் போதிய சான்றாகாது. நோன்பிற்கு ஓரிரு மாதம் முன்பே மருத்துவரைக் கண்டு மருந்தின் நேரத்தையும் அளவையும் வரையறுத்துக்கொள்ளல் வேண்டும். பகலில் சர்க்கரை 70-க்குக் கீழே தாழினும் 300-க்கு மேல் ஏறினும் நோன்பைத் துறத்தலே மருத்துவ அறிவுரை. நோயுற்றோர்க்கு மார்க்கம் சலுகை வழங்கியிருப்பதை இளையோர் வீட்டுப் பெரியோர்க்கு அன்புடன் நினைவூட்டலாம்.

பருவத்தை மாற்றுதல் நம்மால் இயலாது. அதனை முன்னறிந்து சோதனையையும் உணவையும் நடையையும் மாற்றியமைத்தல் இயலும். பொழுதறிந்து உழும் உழவரைப்போலப் பொழுதறிந்து உடலைப் பேணுவோமாக.