வரிசை வீட்டு ஹாலில் சரவுண்ட் ஒலி

ஹோம் தியேட்டர் பெட்டியின் மேல் 5.1 என்று அச்சிட்டிருக்கும். முன்னால் இடது, வலது, நடு என மூன்று ஸ்பீக்கர், உட்காருபவரின் இரு பக்கமும் ஒவ்வொன்று, ஆக ஐந்து. புள்ளிக்குப் பின்னால் வரும் ஒன்று, இடி, வெடி போன்ற தாழ்ந்த அதிர்வுகளுக்கென்றே தனியாகப் பதிவாகும் தடம். அது சப்ஊஃபர் என்ற கனத்த பெட்டிக்குப் போகிறது. 1995இல் டால்பி சரவுண்ட் ஒலியோடு ‘குருதிப்புனல்’ வந்தது, மறு ஆண்டு டிடிஎஸ் ஒலியோடு ‘கருப்பு ரோஜா’ வந்தது. தமிழ்ப் படங்களின் ஒலி திரையை விட்டு இறங்கி நாற்காலிகளைச் சூழ்ந்துகொள்ளத் தொடங்கிய காலம் அது. அந்த ஒலியை வீட்டுக்குள் கொண்டுவரும் கருவிகள் இன்று ஜொகூர் பாருவின் மின்சாதனக் கடைகளில் எளிதாகக் கிடைக்கின்றன. ஆனால், காதுக்கு வரும் பலன் பெரும்பாலும் அவற்றை ஹாலில் எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும்.

ஸ்கூடாய், மாசாய், உலு திராம் பக்கத்துத் தாமான்களில் வரிசை வீடுகளே அதிகம். 20 அல்லது 22 அடி அகலம், 60 முதல் 70 அடி வரை நீளம் கொண்ட மனை. முன்னால் இழுவைக் கண்ணாடிக் கதவும் இரும்புக் கிரிலும், கீழே டைல், இருபுறமும் பூசிய செங்கல் சுவர், அதற்கு அப்பால் அடுத்த வீட்டு ஹால். கண்ணாடிக் கதவு முன்பக்கத்தை எடுத்துக்கொள்வதால் டிவி ஒரு பக்கச் சுவரிலும், சோபா எதிர்ச் சுவரை ஒட்டியும் அமைந்துவிடுகிறது. பழைய தோட்டத்து லயங்களின் பலகைச் சுவர் தாழ்ந்த ஒலியில் தானும் அதிர்ந்து அதில் ஒரு பங்கை வெளியே விட்டுவிடும். செங்கல் சுவரோ பெரும்பகுதியை ஹாலுக்குள்ளேயே திருப்பி அனுப்புகிறது.

முதலில் முடிவாக வேண்டியது சோபாவின் இடம். மற்ற அளவுகள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. சுவரோரத்தில் தாழ்ந்த ஒலியின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும். அங்கே உட்கார்ந்தால் பேஸ் அளவுக்கு மீறிக் கேட்கும். சோபாவை ஓரிரண்டு அடி முன்னே இழுத்தாலே தெளிவு கூடிவிடும். இடம் இருந்தால் பின்சுவரிலிருந்து ஹாலின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போடுவது இன்னும் நல்லது.

முன் ஸ்பீக்கர்கள் இரண்டும் உட்காருபவரின் நேர்ப்பார்வையிலிருந்து பக்கத்துக்கு 22 முதல் 30 டிகிரி விலகியிருக்க வேண்டும். டிவி 10 அடி தூரத்தில் இருந்தால் இரண்டுக்கும் இடையே 8 முதல் 11½ அடி வரும். உச்ச ஒலி தரும் சிறிய ட்வீட்டர் காது மட்டத்தில் இருக்கட்டும். வசனத்தில் பெரும்பகுதி நடு ஸ்பீக்கரிலிருந்தே வருகிறது. அதை டிவி கேபினட்டின் தட்டுக்குள் ஆழமாகத் தள்ளி வைப்பது பல வீடுகளில் நடக்கும் தவறு. குரல் பானைக்குள் பேசுவதுபோல் அடங்கிப்போகும். தட்டின் விளிம்பு வரை முன்னே இழுத்து, காதைப் பார்க்கும்படி சற்று மேல்நோக்கிச் சாய்த்து வைக்க வேண்டும். ‘வெடி காதைப் பிளக்கிறது, பேச்சு கேட்கவில்லை’ என்ற குறை பல வீடுகளில் இதிலேயே தீர்ந்துவிடுகிறது. பக்க ஸ்பீக்கர்கள் 90 முதல் 110 டிகிரிக்குள், காதுக்கு ஓரிரண்டு அடி மேலே இருக்க வேண்டும். வரிசை வீட்டில் ஒன்று கண்ணாடிக் கதவின் பக்கமும், மற்றது சாப்பாட்டு மேசைப் பக்கத் திறந்த வெளியிலும் விழுவதால் தூரம் சமமாக வராது. ஒலி ஒரு மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 3 மில்லிசெகண்ட் ஆகிறது. ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் சரியாகக் கொடுத்தால், எல்லா ஸ்பீக்கருக்கும் ஒலியைப் பிரித்து அனுப்பும் ரிசீவர் அருகிலுள்ளதைச் சற்றுத் தாமதப்படுத்தி இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். டைலும் கண்ணாடியும் எழுப்பும் எதிரொலியைக் குறைக்க ஒரு கம்பளமும் கனமான திரைச்சீலையும் உதவும். ஆனால் பேஸை இவை ஒன்றும் செய்யாது.

அதற்குக் காரணம் அலையின் நீளம். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலை 14 அடிக்குச் சற்று மேல். 20 ஹெர்ட்ஸ் அலையோ ஏறக்குறைய 57 அடி, ஒரு வரிசை வீட்டு மனையின் நீளத்தை நெருங்கிவிடும். இவ்வளவு பெரிய அலைகள் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே மோதித் திரும்பும்போது, சில இடங்களில் ஒன்றோடொன்று சேர்ந்து பெருகும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். 20 அடி அகல ஹாலில் இது முதலில் சுமார் 28 ஹெர்ட்ஸிலும், அடுத்து 57 ஹெர்ட்ஸிலும் நிகழ்கிறது. கூரை 10 அடி உயரம் என்றால் தரைக்கும் கூரைக்கும் இடையேயும் அதே 57 ஹெர்ட்ஸ்தான். இரண்டும் ஒரே இடத்தில் விழுவதால் அந்த ஒலி மட்டும் மற்றவற்றை மிஞ்சி ‘தும் தும்’ என்று இழுத்துக்கொண்டே நிற்கும். சினிமாப் பாட்டில் கிக் டிரம் விழும் இடமும் ஏறக்குறைய இதுதான். ஹாலின் நட்டநடுவிலோ 28 ஹெர்ட்ஸ் ஒலி கேட்காமலே போய்விடும். அங்கே அமர்ந்து சப்ஊஃபரின் சத்தத்தை எவ்வளவு கூட்டினாலும் இழந்தது திரும்பாது. சோபாவை நகர்த்த வேண்டும்.

சப்ஊஃபருக்கு இடம் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. அதைச் சோபாவில், தலை இருக்கும் இடத்திலேயே தூக்கி வைக்க வேண்டும். பேஸ் ஏறி இறங்கும் ஒரு பாட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஹாலின் ஓரங்களில் காதைத் தாழ்த்தித் தவழ்ந்துகொண்டே கேட்க வேண்டும். மூலையில் அது இரைச்சலாகும், இரண்டடி தள்ளினால் மெலியும், இன்னும் சற்றுத் தள்ளினால் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக, சமமாக விழும். அந்த இடமே சப்ஊஃபருக்கு உரியது. 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று காதால் கண்டுபிடிக்க முடியாது என்பதால் அது டிவிக்குப் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வரிசையாகப் பலர் அமர்ந்து பார்க்கும் வீட்டில் ஒரு பெரிய சப்ஊஃபரைவிட, எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் வைக்கும் இரண்டு சிறியவை பேஸைச் சமமாகப் பரப்பும். ஹார்மன் நிறுவனத்தின் டாட் வெல்டி 2002இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது.

இனி ரிசீவர். எல்லா ஸ்பீக்கரையும் ‘ஸ்மால்’ என்று குறித்து, எதற்குக் கீழே ஒலி சப்ஊஃபருக்குப் போக வேண்டும் என்ற பிரிப்பு எல்லையை 80 ஹெர்ட்ஸில் வைப்பது நல்ல தொடக்கம். திரையரங்கு ஒலிக்கான டிஎச்எக்ஸ் முறையை வகுத்த டாம்லின்சன் ஹோல்மன் தேர்ந்த எல்லையும் அதுதான். சப்ஊஃபரின் முதுகில் இருக்கும் அதே வேலைக்கான திருகைக் கடைசி வரை திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் ஒலி இருமுறை வடிகட்டப்பட்டு நடுவில் ஓட்டை விழும். ஃபேஸ் பொத்தானை 0, 180 என மாற்றிப் பார்த்து, சோபாவில் எது நிறைவாகக் கேட்கிறதோ அதில் விடலாம். யமஹாவின் ஒய்பிஏஓ, டெனான் ரிசீவர்களில் வரும் ஆடிசி போன்றவை மைக்கால் தாமே அளந்து சரிசெய்யும். அளக்கும்போது காற்றாடியையும் ஏர்கோனையும் நிறுத்திவிட்டு, மைக்கைச் சோபாவின் முதுகில் சாய்க்காமல் காது உயரத்தில் ஒரு தாங்கியில் நிறுத்த வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஹாலில் ஏதாவது கிடுகிடுத்தால், பழி பெரும்பாலும் சப்ஊஃபர் மேல் விழும். உண்மையில் அதிர்வது நாக்கோ சன்னலின் தளர்ந்த கண்ணாடியாகவோ, கிரிலின் தாழ்ப்பாளாகவோ, சாமி மேடையில் சுவரைத் தொட்டு நிற்கும் படச்சட்டமாகவோ இருக்கலாம். பேஸ் ஓடும்போது ஒவ்வொன்றையும் விரலால் அழுத்திப் பார்த்தால் அகப்பட்டுவிடும். ஒரு துண்டு ரப்பர் போதும்.

அடுத்த வீட்டுக்காரர் காதில் வசனம் விழாது, பேஸ் மட்டும் விழும். சுவருக்கு அந்தப் பக்கம் உறங்கும் குழந்தைக்கு அது வெறும் இடிதான். எனவே சப்ஊஃபரைப் பொதுச் சுவரில் ஒட்டாமல், மாடிப்படிப் பக்கமாக, ரப்பர் அடிதாங்கியின் மேல் வைப்பது அண்டை வீட்டாருக்குச் செய்யும் மரியாதை. இரவில் ரிசீவரின் இரவு நிலையைப் போட்டால் வெடி அடங்கி, பேச்சு தெளிவாகவே நிற்கும்.

ஜொகூரில் மதியத்துக்கு மேல் இடிமழை பழகிப்போன ஒன்று. சர்ஜ் பாதுகாப்புள்ள நீட்டுப் பலகை கட்டாயம் வேண்டும். மின்னல் மின்கம்பி வழியாக மட்டும் வருவதில்லை; கூரைமேல் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டின் கேபிள் வழியாகவும் இறங்கி ரிசீவர் வரை வந்துவிடும். வானம் இருண்டதும் பிளக்கோடு அந்தக் கேபிளையும் கழற்றிவிடுங்கள்.